மழலையர் வாசிப்பும் பயிற்சி ஆசிரியரும்

எண்ணையும் எழுத்தையும் மனிதனின் இரு கண்களாகக் கருதிய மரபு நம்முடையது. வள்ளுவரும் ஔவையாரும் அவ்வாறு மொழிந்ததை மேடைதோறும் கேட்கிறோம்; மலர்தோறும் படிக்கிறோம். ஆயின், அந்தக் கண்ணைத் திறந்து விடுபவர் யார், எந்த வயதில், எவ்வாறு திறக்கிறார் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. பட்ட வகுப்பில் தொல்காப்பியம் கற்பிப்பவர்க்கு ஒரு மதிப்பும், பாயில் அமர்ந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் 'படம்' என்னும் சொல்லை வாசிக்கக் கற்பிப்பவர்க்கு வேறொரு மதிப்பும் தருகிறோம். பின்னவர் இன்னும் பயிற்சி முடிக்காத மாணவியாக இருந்துவிட்டால் அவரைப் பொருட்படுத்துவார் எவரும் இலர்.

நாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது ஒன்றே. மழலையர் வகுப்பில் ஐந்தாறு குழந்தைகளைத் தனியே அமர்த்தி, ஒவ்வொரு குழந்தையின் குரலையும் கேட்டு, வாசிக்கக் கற்பிக்கும் பணியே ஆசிரியப் பயிற்சியின் உயிர்நிலை. அதனைச் சடங்காக்கிவிட்டால் இழப்பு பயிற்சி பெறுவோர்க்கு மட்டுமன்று. வாசிக்கத் தெரியாமலே வகுப்பு வகுப்பாக ஏறிச் செல்லும் குழந்தைக்கே பேரிழப்பு.

சென்னை தந்த முறை

சிறு குழுவும் மாணவ ஆசிரியரும் மேனாட்டார் நமக்குக் கற்றுக் கொடுத்த புதுமைகள் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் அமைந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளரானார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் காப்பகத்திலும் புகுத்த விரும்பினார். ஆயின் அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அதனை ஏற்று நடத்த முன்வரவில்லை. எனவே எட்டு வயதளவில் இருந்த பிரிஸ்கென் என்னும் மாணவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். தாம் கண்டதை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார் பெல். இங்கிலாந்தில் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பள்ளிதோறும் பரவியது.

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும், ஆசான் இருவரையும் கண்காணிப்பதும் இங்குப் பழகிய நடைமுறைகள். பின்னர் 1846-இல் கே ஷட்டில்வொர்த் என்பார் இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் திட்டத்தை வகுத்தபோது, பதின்மூன்று வயது நிரம்பியோர் ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே பயிற்சி பெறும் ஏற்பாடு உருவாயிற்று. கற்பித்துக்கொண்டே கற்பிக்கக் கற்பது என்னும் இன்றைய பயிற்சி முறையின் வேர்களுள் ஒன்று எழும்பூர் மணலில் இருக்கிறது எனின் மிகையாகாது.

மெட்ராஸ் முறைக்குக் குறையும் உண்டு. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடக்கி ஆளும் கருவியாக அது விரைவிலேயே மாறிற்று. சிறுவனுக்குச் சிறுவன் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் நெட்டுருவாகவே முடிந்தது. குழுவைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது, அக்குழுவில் என்ன நிகழ்கிறது என்பதே தலையாயது என்னும் பாடத்தை நாம் அங்கிருந்தே பெற வேண்டும்.

கூட்டோசையில் மறையும் குழந்தை

நம் மழலையர் பள்ளிகளின் அருகே செல்வோர் காதில் முதலில் விழுவது கூட்டோசை. ஆசிரியை ஒரு வரி சொல்ல, நாற்பது குழந்தைகள் அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். கேட்பதற்கு அது இனிமையாகவே இருக்கிறது. பெற்றோர் மகிழ்கின்றனர், தாளாளர் மகிழ்கிறார். ஆயின் அந்த நாற்பது குரல்களுள் வாசிக்கும் குரல் எது, ஒப்பிக்கும் குரல் எது, வாயை மட்டும் அசைக்கும் குழந்தை எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்குக் கூட்டோசை நல்லதொரு மறைவிடம்.

எம் ஊரை அடுத்துள்ள ஒரு மழலையர் பள்ளியில், பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு வாசிப்புப் பாடம் நடத்தியதைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வகுப்பு முழுவதும் கூட்டாகப் படித்தபோது எல்லாரினும் உரக்கப் படித்தவன் ஒரு சிறுவன். பக்கத்தின் முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் அவன் கண்கள் புத்தகத்தில் இல்லை. சன்னலுக்கு வெளியே நின்ற ஆட்டின்மீது இருந்தன.

சற்று நேரத்தில் அந்த ஆசிரியை ஆறு குழந்தைகளைத் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று பாயில் வட்டமாக அமர்த்தினார். உரத்த குரலுக்குரிய சிறுவனும் அவர்களுள் ஒருவன். பக்கத்திலிருந்த படத்தைத் தம் உள்ளங்கையால் மறைத்துவிட்டு, ஒரு சொல்லைச் சுட்டி, "இது என்ன?" என்று கேட்டார். அவன் அப்பக்கம் முழுவதையும் ஒப்பித்தான். ஆசிரியை அவனைத் திருத்தவுமில்லை, கடியவுமில்லை. சிலேட்டை எடுத்தார். எழுதுவதற்கு முன் வாயால் இரு சொற்களைச் சொன்னார்: பல், பால். 'பல்' என்றபோது விரலை ஒருமுறை நொடித்தார். 'பால்' என்றபோது இருமுறை நொடித்தார். குழந்தைகளும் நொடித்தனர். நொடிக்க வராத குழந்தை தொடையில் தட்டியது. அதன் பின்னரே சிலேட்டில் 'பல்' என்று எழுதினார். அதன் கீழே 'பால்' என்று எழுதினார். இரண்டையும் காட்டி, "எது எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார். சிறுவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இரண்டாம் சொல்லின் துணைக்காலின்மேல் விரலை வைத்து, "இது இழுக்குது டீச்சர்" என்றான்.

அதுவரை அவன் பாடம் ஒப்பித்தவன், அப்பொழுதுதான் வாசித்தவன். நாற்பது பேர் வகுப்பில் அந்த வினாவை அவனிடம் கேட்டிருக்க இயலாது. கேட்டிருப்பினும் விடை வரும்வரை காத்திருக்க இயலாது. அவன் வாய் திறக்குமுன் நான்கு பிள்ளைகள் விடையைக் கூவியிருப்பார்கள். சிறு குழு ஆசிரியர்க்குத் தரும் முதற்பேறு, காத்திருப்பதற்கான நேரம். இரண்டாம் பேறு, ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து பிறக்கிறது என்று அறியும் வாய்ப்பு.

ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் தனித்தனியே கேட்பது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. குர்ஆன் மதரஸாக்களில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக உஸ்தாதின் முன் அமர்ந்து தத்தம் பாடத்தை ஓதிக் காட்டுவதை நாம் அறிவோம். ஒருவன் பிழையின்றி ஓதினாலன்றி அடுத்த பாடத்திற்குச் செல்வதில்லை. பக்கத்தில் இருப்பவன் முன்னேறிவிட்டான் என்பதற்காக இவனும் தள்ளப்படுவதில்லை. அங்கே முதல் நோக்கம் ஒலிப்பின் தூய்மை. தமிழ் வாசிப்பில் ஒலியோடு பொருளும் உடன்வர வேண்டும். வேறுபாடு அதுவே. ஆயினும் ஒவ்வொரு குரலையும் கேட்டே மேற்செல்ல வேண்டும் என்னும் ஒழுங்கு இரண்டிற்கும் பொது.

தமிழ் எழுத்தின் தனி இடர்கள்

"அ, ஆ சொல்லிக் கொடுக்க யாருக்குத்தான் தெரியாது?" என்று கேட்பவர் பலர். தமிழ் எழுத்தை ஐந்து வயதுக் குழந்தையின் கண்கொண்டு ஒருகணம் நோக்கினால் இவ்வினா எழாது.

நம் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வது. ஆயின் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரைக் காட்டும் குறி முன்னே நிற்கிறது; ஒலியோ பின்னே வருகிறது. குழந்தை முதலிற் காண்பதை முதலில் ஒலிக்க இயலாது. 'கொ' என்பதிலோ குறி இருபுறமும் நிற்கிறது. 'கெ' என்று ஒலிக்க வாய் திறந்த குழந்தை, பின்வரும் காலைக் கண்டதும் தன் ஒலியை மாற்றிக்கொள்ள வேண்டும். 'காரம்' என்னும் சொல்லில் துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் பிரித்தறிய முதிர்ந்த கண்ணுக்கே ஒரு பழக்கம் வேண்டும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய வீரமாமுனிவரும், 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தமும் இச்சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. 'ணா', 'றா', 'னா', 'னை' முதலியவற்றின் பழைய வடிவங்களோடு மல்லாடியவர்கள் அப்பயனை நன்கு அறிவர். எனினும் எஞ்சியுள்ள இடரும் சிறிதன்று.

அடுத்து ஒலி. 'கல்', 'சங்கு', 'பகல்' ஆகிய மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே ககர வரிசை. ஒலிப்பதோ மூன்று வகை. இதனை விதியாகச் சொல்லி மழலைக்கு விளங்க வைக்க முடியாது. குழந்தை எழுத்துக் கூட்டும்போது, "ப... க... ல்..." என்று தட்டுத் தடுமாறி வந்து, தான் முன்பே அறிந்த 'பகல்' என்னும் சொல்லை அடையாளம் கண்டுகொண்டால் மட்டுமே சரியான ஒலி வாயில் வரும். அறியாத சொல்லாயின் அக்குழந்தைக்குத் துணையே இல்லை. எனவேதான் 247 எழுத்துகளையும் முற்ற மனனம் செய்வித்த பின்னரே சொல்லுக்குச் செல்வோம் என்னும் பிடிவாதம் பயனற்றதாகிறது. வடிவெளிமை கொண்ட ட, ப, ம போன்ற சில எழுத்துகளைக் கற்ற மறுகணமே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொற்களில் கால் ஊன்றச் செய்வது நலம். எழுத்துகளின் தொகை சொற்களோடு சேர்ந்தே வளரட்டும்.

மூன்றாவது இடர் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள தொலைவு. வீட்டில் 'எலை' என்னும் குழந்தை புத்தகத்தில் 'இலை'யைக் காண்கிறது. 'ஒடம்பு' என்னும் குழந்தை 'உடம்பு' என்பதைக் காண்கிறது. வட்டார வழக்கும் குடும்ப வழக்கும் இதனோடு சேர்கின்றன. தந்தையின் படத்தைக் காட்டினால் நம் பிள்ளைகளுள் ஒருவன் 'அத்தா' என்பான். ஒருத்தி 'வாப்பா' என்பாள். குழம்பின் படத்தைக் கண்டு 'ஆணம்' என்று சொல்லும் குழந்தை தவறு செய்யவில்லை. 'அது தப்பு' என்று கூறிவிட்டால், தன் வீட்டுச் சொல்லுக்குப் பள்ளியில் இடமில்லை என்று அக்குழந்தை கொள்ளும். பின்னர் வாயே திறவாது. உருதுவோ தெலுங்கோ சௌராட்டிரமோ பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சிறு குழுவில் ஆசிரியை, "உங்கள் வீட்டில் வாப்பா, புத்தகத்தில் அப்பா, இரண்டும் ஒருவர்தாம்" என்று ஒரு வாக்கியத்தில் பாலம் அமைத்துவிடலாம். நாற்பது பேர் கூட்டத்தில் அந்த ஒரு சொல் அவர் காதிலேயே விழாது.

இலக்கணம் கைகொடுக்கும் இடம்

முன்னர்க் கூறிய பயிற்சி ஆசிரியை தமிழ் இலக்கியம் பயின்ற பட்டதாரி அல்லர். மேல்நிலைக் கல்வி முடித்துப் பட்டயப் பயிற்சியில் சேர்ந்தவர். ஆயினும் விரல் நொடித்து அவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டியபோது எமக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதையும் கைநொடிப் பொழுதையும் அளவாக வகுத்தவர் அவரே அன்றோ? தேர்வுத்தாளில் இரு மதிப்பெண் வினாவாக நாம் சுருக்கிவிட்ட ஒரு வரையறை, அந்தத் தாழ்வாரத்தில் உயிர்பெற்று நின்றது.

யாப்பிலக்கணத்தின் அசைக் கோட்பாடும் அத்தகையதே. 'அம்மா' என்பதைக் கைதட்டிச் சொல்லச் சொன்னால் குழந்தை 'அம்' என்று ஒரு தட்டும், 'மா' என்று ஒரு தட்டும் தட்டுகிறது. அது நேர் நேர் என்று குழந்தைக்குத் தெரியாது; தெரிய வேண்டுவதுமில்லை. குழந்தையின் தட்டும் யாப்பின் அசையும் எல்லா இடத்திலும் ஒத்து வாரா என்பது உண்மை. ஆயினும் சொல் என்பது துண்டு துண்டாகப் பிரியக்கூடியது, அத்துண்டுகளையே எழுத்தாகத் தாளில் காண்கிறோம் என்னும் அறிவே வாசிப்பின் நுழைவாயில். இவ்வறிவு செவி வழியாக முதலில் வர வேண்டும்; கண் வழியாகப் பின்னர் வர வேண்டும். செவியைப் பழக்காமல் கண்ணுக்கு மட்டும் எழுத்தைக் காட்டிக்கொண்டே இருப்பதால்தான் பல குழந்தைகள் எழுத்துகளின் பெயரை அறிந்தும் சொல்லை வாசிக்க இயலாமல் நிற்கின்றனர்.

இதனால் ஒன்று தெளிவாகிறது. மழலையர்க்கு வாசிப்புக் கற்பிப்பது தமிழ் இலக்கணத்தின் புறத்தே நிகழும் வேலையன்று. எழுத்ததிகாரத்தின் முதற்பயன் அங்கேதான் தேவைப்படுகிறது. தமிழ்த் துறைகள் இத்துணைக் காலம் இதனைத் தமக்குரியதன்று என்று ஒதுக்கிவைத்தது பொருந்தாது.

குழு என்பது வேலியன்று

சிறு குழு முறை நம் மாநிலத்தில் அரசாலும் ஏற்கப்பட்டதே. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. அதில் ஆசிரியர் துணையோடு கற்கும் குழுவும், சக மாணவர் துணையோடு கற்கும் குழுவும், தானே கற்கும் குழுவும் என வட்டங்கள் அமைந்தன. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும்பொருட்டு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டபோது, 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்பட்டனர். பெயர்கள் அழகியவை. அரும்பு மொட்டாகும், மொட்டு மலரும் என்னும் நம்பிக்கை அப்பெயர்களிலேயே உள்ளது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று தேவை. குழு பிரிப்பவர் மனத்தில் 'இவன் மந்தம்' என்னும் முத்திரை ஒட்டிக்கொண்டால் அரும்பு அரும்பாகவே கருகிவிடும். நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, கிளி, இல்லிக்குடம், எருமை என்றெல்லாம் உவமித்து வகைப்படுத்தினார் என்பதை நாம் அறிவோம். அவ்வகைமை நூல் கற்க முதிர்ந்து வந்த மாணாக்கரைப் பற்றியது. ஐந்து வயதுக் குழந்தையை இல்லிக்குடம் என்று தீர்மானிக்க எவருக்கும் உரிமையில்லை. குழுவை இரு வாரங்களுக்கு ஒருமுறை கலைத்து அமைக்க வேண்டும். இன்று துணைக்காலில் இடறும் குழந்தைகள் ஒரு குழுவாகட்டும். அடுத்த கிழமை கொம்பில் இடறுவோர் வேறொரு குழுவாகட்டும். இடறும் இடத்தைக் கொண்டு குழு அமைந்தால், அந்த இடர் தீர்ந்ததும் குழுவும் தீரும்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். எல்.கே.ஜி. குழந்தைக்கு வாசிப்புப் பாடம் என்பது கதை கேட்டலும், பாட்டும், படம் பார்த்துப் பேசுதலும், தன் பெயரைத் தாளில் அடையாளம் காணுதலுமே ஆகும். 'குழந்தைத் தோட்டம்' என்னும் பொருள்படும் பெயரை 1840-இல் சூட்டிய புரோபல், விளையாட்டையே கல்வியாகக் கொண்டவர். 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி உணரச் செய்தார். இவர்கள் எவரும் மூன்றரை வயதுக் குழந்தையின் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து நான்கு பக்கம் எழுதச் சொல்லவில்லை. வீட்டுப்பாட நோட்டு நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பெற்றோர், 'இன்று என்ன கதை கேட்டாய்?' என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும்.

ஏட்டளவில் நிற்கும் பயிற்சி

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலும் கல்வியியல் பட்டப் படிப்பிலும் பள்ளிப் பயிற்சிக்கென 20 வாரங்களை வகுத்துள்ளன. இது சிறிய காலமன்று. ஆறு குழந்தைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்குவதை ஒரு பயிற்சி ஆசிரியை முதல் நாள் முதல் கண்ணாரக் காணப் போதுமான காலம்.

நடைமுறையில் நாம் காண்பது என்ன? பயிற்சிக்கு வருபவர் பல பள்ளிகளில் விடுப்பில் சென்ற ஆசிரியையின் வகுப்பை அடக்கி வைக்க அனுப்பப்படுகிறார். ஆண்டு விழாவிற்குத் தோரணம் கட்டுகிறார். மின்னட்டைகள் செய்கிறார், அவை அலமாரியில் உறங்குகின்றன. மீதி நேரமெல்லாம் பாடத்திட்ட ஏடு எழுதுவதில் கழிகிறது. நாம் மேலே குறிப்பிட்ட பள்ளிக்குப் பயிற்சி நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் ஏட்டைப் புரட்டினார், ஓரக்கோடு நேராக உள்ளதா, படம் ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்துக் கையொப்பமிட்டார், சென்றார். துணைக்காலைக் கண்டுபிடித்த சிறுவனை அவர் அழைக்கவில்லை. ஒரு சொல்லை வாசிக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. அந்த ஏட்டில் இல்லாத வெற்றி அந்த மாணவிக்கு மதிப்பெண்ணாகவும் மாறவில்லை.

"அனுபவமற்றவர் கையில் பச்சைக் குழந்தைகளை ஒப்படைக்கலாமா? குழந்தைகள் என்ன சோதனைப் பொருள்களா?" என்று பெற்றோர் சிலர் கேட்பது நியாயமான வினாவே. இதற்கு விடை சிறு குழுவிலேயே இருக்கிறது. அனுபவமற்றவரிடம் முழு வகுப்பை ஒப்படைப்பதுதான் இடர். அவர் ஒழுங்கை நிலைநாட்டுவதிலேயே வலுவிழந்து, கூட்டோசையில் தஞ்சம் புகுவார். ஐந்தாறு பேர் கொண்ட குழுவை, வகுப்பாசிரியையின் பார்வைக்கு எட்டும் இடத்தில், நாள்தோறும் பதினைந்து இருபது மணித்துளி மட்டும் அவரிடம் விடுத்தால் தவறு நேரினும் சிறிதே நேரும். மறுநாளே திருத்தவும் படும். அனுபவம் என்பதும் அவ்வாறுதான் விளையும். மேலும், இளம் பயிற்சி ஆசிரியையிடம் ஒரு நற்பேறு உண்டு. அவர் இன்னும் சலிக்கவில்லை. ஒரு குழந்தை முதன்முதலாக ஒரு சொல்லை வாசிக்கும்போது அவர் முகம் மலர்கிறது. அம்மலர்ச்சியைக் காண்பதற்காகவே குழந்தை அடுத்த சொல்லையும் வாசிக்கிறது.

இழப்பின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு வயதிலும் வாசிக்க வராத பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் மட்டும் மூடிக்கொள்வதில்லை. அறிவியலும் சமூகவியலும் கணக்கின் எழுத்து வினாக்களும் சேர்ந்தே மூடிக்கொள்கின்றன. வீட்டில் வாசித்துக் காட்ட ஆளுள்ள பிள்ளை எவ்வாறேனும் தேறிவிடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் மீனவர் மகனுக்கும், பீடி சுற்றும் தாயின் மகளுக்கும், வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் பிள்ளைக்கும் அந்தப் பாயும் அந்த இருபது மணித்துளியுமே கதி. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுக்கிறது. ஆயின் ஆறு வயதுக்குட்பட்ட மழலையர் அச்சட்டத்தின் கட்டாயக் கல்வி எல்லைக்குள் வாரார். 2019-இல் தமிழ்நாடு அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது போற்றத்தக்க முயற்சி. எனினும் எண்ணற்ற தனியார் மழலையர் பள்ளிகளில் ஒரு வகுப்பில் எத்துணைக் குழந்தைகள் என்பது கட்டடத்தின் அகலத்தையே பொறுத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

குறை கூறி நிறுத்துவது நம் நோக்கமன்று. செய்யத்தக்கன சில உள.

முதலாவது, பயிற்சி ஆசிரியர்க்கு முதல் நாளிலேயே ஆறு குழந்தைகளை ஒதுக்கி, பயிற்சி முடியும்வரை அவர்களின் வாசிப்பைத் தொடர்ந்து கேட்கும் பொறுப்பை அளிக்க வேண்டும். குழுக்கள் மாறினும் இந்த ஆறு பேரைப் பற்றிய குறிப்பு அவரிடம் இருக்க வேண்டும். எந்த எழுத்தில் இடறுகிறார், எந்தச் சொல்லைத் தானே வாசித்தார் என்று நாளுக்கு இரண்டு வரி போதும். பயிற்சி முடிந்து செல்கையில் அக்குறிப்பை வகுப்பாசிரியையிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் அவர் புறப்பட்ட மறுநாளே அக்குழந்தைகள் மீண்டும் கூட்டோசைக்குள் கரைந்துவிடுவர்.

இரண்டாவது, மேற்பார்வையிட வருவோர் ஏட்டைத் திறக்குமுன் குழந்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஏடு அழகாக இல்லாவிடினும் குழந்தை வாசித்தால் அப்பயிற்சி வென்றது. ஏடு எத்துணை அழகாயினும் குழந்தை வாசிக்காவிடின் அது தோற்றது.

மூன்றாவது, தமிழ்த் துறைகளுக்கு. நம் துறையில் இளங்கலை முடிக்கும் மாணவியருள் கணிசமானோர் அடுத்த ஆண்டே ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியையாக நிற்கின்றனர். நன்னூல் சூத்திரங்களை ஒப்பிக்கத் தெரிந்த அவர்கள், கொம்பின்மேல் இடறும் குழந்தையின்முன் கைபிசைந்து நிற்கலாகாது. எழுத்ததிகாரம் கற்பிக்கும் பருவத்திலேயே தொடக்க வாசிப்புப் பற்றிய சில வகுப்புகளைச் சேர்ப்பது கடினமன்று. தாம் கற்ற எழுத்துகளை மட்டுமே கொண்டு குழந்தைகள் தாமே வாசிக்கத்தக்க எட்டுப் பக்கக் கதை நூல்களை எழுதுவதை நம் மாணவர்க்கு ஒப்படைப்புப் பணியாகத் தரலாம். ட, ப, ம, ர, க என்னும் சில எழுத்துகளுக்குள் நின்று சுவையான ஒரு கதையை எழுதிப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். வெண்பாவுக்கு எதுகை தேடுவதினும் அஃது அரிய பணி.

நான்காவது, கல்வி நிறுவனங்களை நடத்தும் பெருமக்களுக்கு. நம் ஊர்களில் ஒரே அறக்கட்டளையின் நிழலில் கல்லூரியும் மேல்நிலைப் பள்ளியும் மழலையர் பள்ளியும் இயங்குவது அரிதன்று. கல்லூரிக்கு எழும் புதிய கட்டடங்களை வரவேற்கிறோம். அதே வேளையில் மழலையர் பள்ளியின் தாழ்வாரத்தில் நான்கு பாய்களும், ஒரு சிறிய புத்தக அலமாரியும், குழந்தைகளைக் குழுவாகப் பிரித்து அமர்த்தக் கூடுதலாக ஓர் ஆசிரியையும் அமைய ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். அவ்வாசிரியைக்கு வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் தருவதும் இதில் அடங்கும். கல்லூரி வரை வந்த மாணவனைத் தேற்றுவதற்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கைக் கல்லூரிக்கு வராமலே நின்றுவிடக்கூடிய குழந்தைக்குச் செலவிடுவது அறத்தின்பாற்பட்டது.

ஆங்கில வழியில் பயிலும் குழந்தைக்கு இவையெல்லாம் எதற்கு என்று ஐயுறுவோரும் உளர். வீட்டில் பேசும் மொழியில் ஒலியையும் எழுத்தையும் பொருத்தக் கற்ற குழந்தை, மற்றொரு மொழிக்குச் செல்லும்போது வாசிப்பு என்றால் என்ன என்பதை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. புதிய எழுத்துகளை மட்டும் கற்றாற் போதும். தமிழில் தடுமாறாது வாசிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிடும் என்பது வீணான அச்சம்.

இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவியருள் மழலையர் ஆசிரியைகளாகப் பணியாற்றுவோர் பலர் இருக்கக்கூடும். நாளைக் காலை வகுப்பில் ஆறு குழந்தைகளைத் தனியே அழைத்து அமர்த்துங்கள். படத்தை மறையுங்கள், ஒரு சொல்லைக் காட்டுங்கள், விடை வரும்வரை காத்திருங்கள். அக்குழந்தைகளைப் பற்றி நீங்கள் காணும் உண்மைகளை எமக்கும் எழுதியனுப்புங்கள். அடுத்த மலரில் அவற்றை வெளியிட நம் துறை கடமைப்பட்டுள்ளது.